தோட்டத்து மருத்துவிச்சியும் தொழிற் சுயாதீனமும்

தொழிற் சுயாதீனம் என்பது தன் விருப்பப்படி நடத்தலன்று. கற்ற அறிவைக் கொண்டு தானே தீர்மானித்து, அத்தீர்மானத்துக்குத் தானே பொறுப்பேற்றலாகும். 1860ஆம் ஆண்டு இலண்டனிலே தாதியர் பள்ளியை நிறுவிய புளோரன்ஸ் நைற்றிங்கேல், தாதியரை அவர்தம் தொழிலைச் சேர்ந்த தலைமைத் தாதியின் பொறுப்பிலேயே வைத்தார். இலங்கையின் மலையகத் தோட்டங்களிலோ நோயாளர் பராமரிப்பு வேறொரு வழியிற் சென்றது.

கோப்பிக் காலத்தில், 1872இல் மருத்துவத் தேவைச் சட்டம் பிறந்தது. தேயிலை செழித்தபின் 1912இல் இயற்றப்பட்ட சட்டம், நோயுற்றோரை அறிந்து ஆவன செய்தல், கடும் நோயாயின் மருத்துவ அதிகாரியை அழைத்தல், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகிய கடமைகளைத் தோட்டத் துரையிடமே ஒப்படைத்தது. இச்சட்டம் தொழிலாளருக்கு ஓரளவு காப்பாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் வேலை வாங்குபவரே, வேலைக்கு ஆகாத உடல் எதுவென முடிவு செய்பவருமானார்.

1927ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் மருத்துவிச்சியரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. பதிவு தகுதியைத் தந்தது. தோட்டத்து மருத்துவிச்சிக்குச் சம்பளத்தையும் குடியிருப்பையும் தந்தது தோட்ட நிர்வாகமே. நள்ளிரவில் லயத்துக் காம்பராவிலே பிரசவம் சிக்கலாயின், ஆபத்தை முதலில் உணர்பவள் அவள். தாயை டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு செல்லும் லொறியோ நிர்வாகத்தின் கையில். அறிவு ஓரிடத்தும் அதிகாரம் மற்றோரிடத்தும் இருக்கையில், இடையில் நின்றது ஓர் உயிர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவ்விடைவெளியை மேலும் அகலமாக்கிற்று. அரச சேவைக்குப் பிரசாவுரிமை வேண்டப்பட்டமையால், நாடற்றோராக்கப்பட்ட குடும்பங்களின் பெண்மக்களுக்கு அரச தாதியர் பயிற்சியின் கதவு அடைபட்டது. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சுகாதாரமோ தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது. 1990களிலேயே தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. நாடற்ற நிலை நீங்க 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தாதியியல் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. தொழிற் சுயாதீனம் அங்கு ஒரு பாடப்பொருள். எனினும் அதன் பொருளை முழுமையாக உணர விழையும் மாணாக்கர், ஹற்றன் மலைச்சரிவுகளின் வரலாற்றையும் கற்றல் நன்று. தாதிக்குத் திறன் உளதா என்பதோடு, அவள் யாருக்குப் பொறுப்புடையவள், அவளது சொல்லை நிறைவேற்றுவோர் யாவர் என்னும் வினாக்களையும் அவ்வரலாறு எழுப்புகின்றது. இவற்றுக்கு விடை காணாதவரை, சுயாதீனம் ஏட்டளவிலேயே நிற்கும்.