கப்பலில் வந்த ஒயினும் அரிக்கமேட்டு ஓடும்



சென்ற ஆண்டு மகனின் வற்புறுத்தலால் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் மூன்று நாள் போய் வந்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் ‘டெசர்ட் ஒயின்’, ‘சாக்லேட் ஒயின்’ என்று தனிப் பகுதியே இருந்தது. எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. ஐஸ்கிரீமோடு எழுந்துவிட்டேன். ஆனால் கப்பலில் இனிப்பு ஒயினுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்ற கேள்வி மட்டும் கூடவே வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னை நம் ஊருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

விஷயம் எளிது. சாதாரண ஒயின் நீண்ட கடற்பயணத்தில் புளித்துக் காடியாகிவிடும். அதைத் தடுக்க வியாபாரிகள் பல வழிகளைக் கண்டார்கள். திராட்சையை வெயிலில் உலர்த்திப் பிழிந்தால் சர்க்கரை கூடும்; மது இனிப்பாகவும் இருக்கும், எளிதில் கெடவும் செய்யாது. போர்ச்சுகலின் போர்ட் ஒயினில், நொதித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தி சேர்ப்பார்கள். நொதிப்பு நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். மதீரா தீவில் ஏற்றிய ஒயின் வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் சூடுபட்டு முன்பைவிடச் சுவையானது. இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அந்தத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்தன. சாக்லேட்டும் ஒயினும் சேர்ந்த பானம்கூடப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சமையல் நூலிலேயே அதற்குச் செய்முறை உண்டு.

இதெல்லாம் நேற்றைய கதை. நம் கரைக்கு ஒயின் வந்தது அதற்கும் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு உங்களுக்குப் பெயரளவில் தெரிந்திருக்கும். 1930களில் அங்கே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் பார்த்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய், அவற்றில் ரோமானியக் கைவேலை இருப்பதைக் கண்டுகொண்டார். பிறகு இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஜாடித் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்தார். 1945இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண்ணைத் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தார்கள்.

கிடைத்தவற்றில் முக்கியமானது ஆம்போரா என்னும் இரண்டு கைப்பிடி ஜாடி. அடி கூராக இருக்கும், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்க வசதி. சிலவற்றில் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்தன; பெரும்பாலானவற்றில் வந்தது ஒயின். அதிலும் கிரேக்கத்தின் காஸ் தீவு வகை ஜாடிகள் நிறைய. காஸ் ஒயினின் தனித்தன்மை, அதில் கடல்நீரைக் கலப்பது! கெடாமல் இருக்க நாம் ஊறுகாய்க்கு உப்புப் போடுவதைப் போலத்தான். ரோமானியரான கேட்டோ இதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். கடல் அமைதியாக இருக்கும் நாளில், கரையிலிருந்து தள்ளிப்போய் நீர் எடுத்து, 70 நாள் முன்பே தயாராக வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஏறக்குறைய அதே காலத்துக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ‘பொதுகே’ என்ற ஒன்றைச் சொல்கிறது. அது இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி இன்புற்றிருக்கும்படி பாண்டிய மன்னனை வாழ்த்துகிறார்.

வணிகவியல் படித்தவன் என்பதால் என் கண் ஐந்தொகைப் பக்கமே போகிறது. ஜாடிகள் வரவு. பற்று என்ன? மிளகு, முத்து, மெல்லிய துணி. அரிக்கமேட்டிலேயே செய்த கண்ணாடி மணிகளும் கடல் கடந்து போயின. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். எல்லையோர ஊர்க்காரர்களான நமக்கு மது என்றதும் எல்லை தாண்டி வரும் இருசக்கர வண்டிகள்தான் நினைவுக்கு வரும். அன்றோ, இந்தக் கரையின் கைத்தொழிலுக்கு விலையாக வந்த சரக்குகளில் ஒன்று அது.

இனி ஒரு வாக்குமூலம். கல்லூரி நாளில் நண்பர்களோடு அரிக்கமேட்டுக்குப் போனபோது, மழையில் வெளிப்பட்டிருந்த ஓர் ஓட்டுத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. அது ரோம ஜாடியா, உள்ளூர்ச் சட்டியா, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியுமா என்பதே சந்தேகம். எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை நான் அழித்துவிட்டேனே.

அடுக்கு ஏன் முக்கியம்? வீலர் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புத் தட்டுகளின் உடைசல்களை இங்கே கண்டெடுத்தார். அவை செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது. காலம் தெரியாமல் இருந்த தென்னிந்தியப் பழம்பொருள்களுக்குத் தேதி குறிக்க அது ஒரு பிடிமானம் ஆனது. பிற்பாடு பெக்லி குழு, அந்த ஊர் வீலர் நினைத்ததைவிட முன்பே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது என்று திருத்தவும் முடிந்தது. மண் கலையாமல் இருந்ததால்தான் அந்தத் திருத்தமும். வங்கியில் வவுச்சர் கிழிந்துபோன பதிவுக்கு என்ன மதிப்போ, இடம் மாறிய ஓட்டுக்கும் அதே மதிப்புதான். நான் எடுத்தது ஓர் ஓடு. என்னைப் போல எத்தனை பேர்!

அந்தத் துண்டைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போகிறேன். வாங்கிக்கொள்வார்களோ, திட்டுவார்களோ, இரண்டுக்கும் தயார்.

நீங்களும் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். பாகூர் வழியாகக் கடலூர் சாலையைப் பிடித்து, அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து ரோமர் கட்டியது என்று சொல்லிவிடாதீர்கள். அவை 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் பள்ளியின் இடிபாடு. ரோமர் காலம் உங்கள் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது. முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நன்றாகப் புரியும்.

ஒன்றே ஒன்று. பிள்ளைகள் குனிந்து எதையாவது எடுத்தால், பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் அன்று யாரும் சொல்லவில்லை.