வடக்கின் எச்சங்களா, தெற்கின் கிளைகளா? திருவிதாங்கூர் மலைகளிலும் ஆறுகளிலும் நடந்த கள ஆய்வின் வரலாறு

1880-இல் வில்லியம் பிளான்ஃபோர்ட் திருவிதாங்கூர் மலைகளில் கிடைத்த ஒரு சிரிப்பான் பறவையைப் புதிய இனமாக விவரித்தார். அதை அவர் டிரோகலாப்டெரான் பேரினத்தில் வைத்தார். இமயமலையின் சிவந்த தலைச் சிரிப்பானும் வரிச் சிரிப்பானும் உள்ள பேரினம் அது. 2017-இல் அதே பறவை அங்கிருந்து வெளியே எடுக்கப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களுக்காகவே உருவாக்கப்பட்ட மொன்டிசின்க்லா என்ற தனிப் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 137 ஆண்டுகள் இடைவெளி கொண்ட இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே பெரியதொரு கேள்வி இருந்தது. தென்கோடி மலைகளின் உயிரினங்கள் வடக்கேயிருந்து வந்து ஒதுங்கியவையா, இங்கேயே தோன்றிப் பிரிந்தவையா? அந்தக் கேள்வி கல்கத்தாவிலும் பம்பாயிலும் விவாதிக்கப்பட்டது. விவாதத்துக்கு வேண்டிய சான்றுகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலிருந்து காட்டுக்கும் ஆற்றுக்கும் போனவர்களின் உழைப்பால் சேர்ந்தது. விடை மாறியபோதும் அந்தச் சான்றுகள் வீண்போகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவனந்தபுரம் அருங்காட்சியகம் 1857-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜெனரல் வில்லியம் கல்லனின் ஊக்கத்தில் எழுந்த நிறுவனம் அது. அதை முதலில் பொறுப்பேற்று நடத்திய ஜான் ஆலன் பிரவுன் விலங்கியலாளர் அல்லர். சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய வான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். 1855-இல் அவர் அகத்தியமலை உச்சியில் ஒரு துணை ஆய்வுக்கூடம் கட்டினார். 1,868 மீட்டர் உயரம், ஆண்டின் பெரும்பகுதி மேகமும் மழையும். கீழே நகரத்திலும் மேலே உச்சியிலும் பூமியின் காந்த மாற்றத்தை ஒரே காலத்தில் அளந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். விலங்குகளுக்கு இதில் இடமில்லைதான். ஆனாலும் ஒரே நிகழ்வை இரண்டு உயரங்களில், இடத்தையும் நேரத்தையும் தவறாமல் குறித்து அளப்பது என்ற ஒழுக்கம் இந்த மலைகளுக்கு அவர் வழியாகவே வந்தது என்று கருதுகிறேன். பிற்காலத்துப் பறவையியலாளர்கள் பதப்படுத்திய ஒவ்வொரு பறவைத் தோலிலும் உயரத்தைக் குறித்தது இதே ஒழுக்கத்தின் இன்னொரு வடிவம்.

உயிரினங்களை முறையாகத் திரட்டும் பணி எச்.எஸ். ஃபெர்குசன் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த காலத்தில் வலுப்பெற்றது. 1888 முதல் 1895 வரை திருவிதாங்கூரில் பிடிபட்ட பாம்புகளின் பட்டியல், 1904-இல் தவளைகளின் பட்டியல் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவர் தொடர்ந்து எழுதினார். காட்டிலாக்காவின் பாதுகாவலர் டி.எஃப். பூர்டிலனோடு சேர்ந்து 1903-04-இல் அவர் வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பறவைகள் பற்றிய தொடர் கட்டுரை கூடு, முட்டை, இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றையும் பதிவு செய்தது. ஏலமலைப் பகுதியின் கேடயவால் பாம்பு வகை ஒன்று இன்றும் ஃபெர்குசனின் பெயரைத் தாங்குகிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையில் வரும் உயிரினப் பெயர்களில் அதிகாரிகளும் அறிஞர்களும் உண்டு. அகத்தியமலைக் காடுகளில் தலைமுறைகளாக வாழும் காணிக்காரர் ஒருவரின் பெயரும் இல்லை. எந்தப் பறவை எந்த மரத்தில் அடையும், எந்த ஓடையில் எந்த மீன் ஏறும் என்பது பட்டியலிட்டவர்களுக்கு முன்பே காணிக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்த பெரிய படி 1933-இல் வந்தது. அப்போது சாலிம் அலிக்கு நிலையான வேலை இல்லை. செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் ஒரு சமஸ்தானத்தின் பறவைகளை முழுதாக ஆய்ந்து தருவேன் என்ற ஏற்பாட்டில் அவர் ஹைதராபாத்தை முடித்துவிட்டு, திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் வந்தார். மனைவி தெஹ்மினா முகாம்களில் உடனிருந்தார். அருங்காட்சியகத்தின் சார்பில் என்.ஜி. பிள்ளை உடன் சென்றார். மறையூர், மூணாறு, குமிளி, தட்டேக்காடு, தென்மலை, குரியார்குட்டி என்று முகாம் மாறிக்கொண்டே இருந்தது. தெற்கே பாலமோர், ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி வரை வந்தார்கள். தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் அன்று திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1-இல்தான் அவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எனவே குமரி மாவட்டத்துப் பறவைகளைப் பற்றிய முறையான ஆரம்பக் கள அறிக்கையும் இந்த ஆய்வுக்குள்தான் இருக்கிறது. தமிழகத்தில் குமரியின் காடுகளைப் பற்றி எழுதுவோர் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

1935 முதல் 1937 வரை பம்பாய்க் கழகத்தின் இதழில் தொடராக வந்த அந்த அறிக்கையில், இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லர் தோல்களை அளந்து ஒப்பிட்டு வகைப்பாட்டுக் குறிப்புகளை எழுதினார். சாலிம் அலி எழுதியது வேறு வகை. பறவை எந்த உயரத்தில் நின்றது, ஈரக்காடா உலர்காடா, இரைப்பையில் என்ன இருந்தது, சுட்டபோது இனப்பெருக்க உறுப்புகள் எந்த நிலையில் இருந்தன, வேறு எந்தப் பறவைகளோடு கூட்டமாக மேய்ந்தது என்பவை அவருக்கு முதன்மை. ஃபெர்குசன் தலைமுறைக்கு ஒரு பறவை இருக்கிறதா என்பது கேள்வி. சாலிம் அலிக்கு அது ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அடுத்த மலையில் இல்லை என்பது கேள்வி. 1953-இல் இது நூலாக விரிந்தது; 1969-இல் கேரளப் பறவைகள் பற்றிய நூலாக மீண்டும் வந்தது. அவர் மிகவும் வியந்து எழுதிய தட்டேக்காடு 1983-இல் பறவைகள் சரணாலயம் ஆனது.

இந்தப் பதிவுகளில் ஒரு விநோதம் தெளிவாகத் தெரிந்தது. கிழக்கு இமயமலையிலும் அசாமிலும் பர்மாவிலும் இருக்கும் பறவை, நடுவில் தக்காணம் முழுக்கக் காணாமல் போய், திடீரென மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் தோன்றும். பெரிய இருவாச்சி, நீலச்சிட்டு எனப்படும் ஐரீனா இப்படிப்பட்டவை. பறவைக்குச் சிறகு உண்டு, பறந்து வந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்ல முடியும். மீனுக்கு அது முடியாது.

மீன்களைப் பற்றிய பதிவு பறவைகளைவிடத் தாமதமாகவே வளர்ந்தது. கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி நூல் வெளியிட்டார். முண்டக்கயத்தில் கிடைத்த சிவப்புக் கோட்டுக் கெண்டைக்கு அப்போதைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். மிஸ் கேரளா என்று இன்று உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துவது அந்த மீன்தான். 1901 முதல் 1915 வரை திருவிதாங்கூரில் பிடிபட்ட மீன்களின் பட்டியலை ஆர்.எஸ்.என். பிள்ளை 1929-இல்தான் அச்சில் கொண்டுவந்தார். 1936-இல் சி.சி. ஜான் திருவிதாங்கூரின் நன்னீர் மீன்களையும் மீன்பிடித் தொழிலையும் சேர்த்து எழுதினார். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் உருவான பின் கடல் உயிரியலும் மீன்வளமும் அங்கே பாடத்துறை ஆயின.

1941-ஐ இந்த வரலாற்றின் நடுப்புள்ளி எனலாம். கல்கத்தாவில் இந்திய விலங்கியல் அளவைத்துறையில் இருந்த சுந்தர்லால் ஹோராவும் என்.சி. லாவும் திருவிதாங்கூரின் நன்னீர் மீன்களைப் பற்றி அந்த ஆண்டு விரிவாக வெளியிட்டார்கள். வேகமான ஓடையில் பாறையை ஒட்டிப்பிடித்து வாழும் அயிரை வகை ஒன்றுக்கு ஹோரா டிராவன்கோரியா என்ற புதிய பேரினத்தையே படைத்தார். பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்ற எஸ். ஜோன்ஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டு பி. சுந்தரராஜ் பெரியாற்றிலிருந்து இரண்டு புதிய கெண்டைகளை விவரித்தார். ஒன்று இன்று ஈச்சத்தலக்கெண்டா என்று மலையாளப் பெயரையே பேரினப் பெயராகக் கொண்டது. மற்றொன்று பெரியாற்றுக்காரர்கள் பிராமணக்கெண்டை என்று அழைக்கும் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். இதன் மலத்துளையையும் பின் துடுப்பையும் ஒட்டி, ஓடு வேய்ந்தாற்போல் இரண்டு வரிசைப் பெரிய செதில்கள் இருக்கின்றன. காஷ்மீரிலும் திபெத்திலும் பனியுருகிய ஆறுகளில் வாழும் ஷைசோதோராக்ஸ் குழு மீன்களின் அடையாளம் அது. வடகோடிப் பனியாற்று மீனின் உறவு தென்கோடி மழைக்காட்டில்! அன்றைய ஆய்வாளர்களின் வியப்பு இயல்பானது.

ஹோராவின் வாதம் கூர்மையானது. அருவியோடைக்கென்றே உடல் அமைந்த மீன், சமவெளியின் மந்தமான நீரில் நெடுந்தூரம் வர இயலாது. அப்படியானால் ஒரு காலத்தில் இமயத்திலிருந்து இங்கே வரை மலையும் வேகநீரும் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அசாமிலிருந்து விந்திய-சாத்பூரா மலைத்தொடர் வழியாக, பனியுகங்களின் ஈரமான காலங்களில் இந்த மீன்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை அடைந்து தெற்கே இறங்கின என்று அவர் முன்வைத்தார். சாத்பூரா கருதுகோள் என்று பெயர்பெற்ற இதற்காக 1949-இல் தேசிய அறிவியல் கழகம் கருத்தரங்கம் நடத்தியது. சாலிம் அலி அதில் பறவைகளின் தரப்பிலிருந்து சாத்பூரா பாதையை ஆதரித்தார். 1952-இல் இ.ஜி. சைலஸ் மீன்களைக் கொண்டு அதை மேலும் ஆராய்ந்தார். சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு பதிலை முன்வைத்தது ஹோராவின் பெரிய பங்களிப்பு. அதைச் சோதிக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. 1955-இல் அவர் மறைந்தார்.

கருவி மரபணு வரிசையாக வந்தது. 2003-இல் பிரவீன் காரந்த் இந்தப் பிரிந்த பரவல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் பொருந்தாது, ஒவ்வொரு குழுவின் வம்சாவளியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். 2005-இல் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் கதை தலைகீழானது. இமயமலைத் தாருக்கு நெருங்கிய உறவு என்று கருதப்பட்டு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த விலங்கு அது. மரபணு ஆய்வில் வரையாடு செம்மறியாட்டின் பக்கம் நின்றது. இமயமலைத் தார் வெள்ளாட்டின் பக்கம் போனது. குளிர்ந்த செங்குத்துப் பாறையில் வாழ்வது இரண்டுக்கும் ஒரே தோற்றத்தைக் கொடுத்திருந்தது, அவ்வளவே. பிராமணக்கெண்டையும் அப்படித்தான். வம்சாவளியில் அது பனியாற்று மீன்களோடு நிற்கவில்லை. மஹசீர், ஹிப்செலோபார்பஸ் முதலிய மீன்களின் கூட்டத்தில் சேர்ந்தது.

பறவைகளில் 2017-இல் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. சோலைக்காட்டுச் சிரிப்பான்கள் ஒரு தனிக் கிளை. அதேபோல் வெண்வயிற்றுச் சிறுபறவைகளான ஷோலாக்கிளிகள் இன்னொரு கிளை. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தம் உறவுகளிலிருந்து பிரிந்து, மலைத்தொடருக்குள்ளேயே இனம் இனமாகக் கிளைத்தவை. கிளை பிரிந்த எல்லைகள் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே போய்வருகிறவர்கள் நன்றாக அறிந்த இடங்கள்: பாலக்காட்டுக் கணவாயும், ஆரியங்காவு வழியாகச் செல்லும் செங்கோட்டைக் கணவாயும். பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பானும் பாணாசுரச் சிரிப்பானும். இரண்டு கணவாய்களுக்கும் நடுவே பழனிச் சிரிப்பான். செங்கோட்டைக்குத் தெற்கே, அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலையில், பிளான்ஃபோர்ட் 1880-இல் பெயரிட்ட பறவை. அதே அசம்பு மலையின் ஷோலாக்கிளியும் அந்த ஆய்வில்தான் முதன்முதலாகத் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பாலமோர் முகாமுக்கு மேலே கூவிக்கொண்டிருந்த பறவை தனி இனம் என்று அறிய 84 ஆண்டுகள் ஆயின.

இதனால் ஹோராவின் கருதுகோள் முழுதும் பொய்த்துவிட்டது என்று சொல்வது தவறு. இருவாச்சி போன்றவற்றுக்கு வடகிழக்கோடு இன்றும் நேரான உறவு உண்டு. தவறிப்போனது ஒரு பொது எண்ணம்: தெற்கின் மலைகள் வாங்கிக்கொண்ட இடம் மட்டுமே, உருவாக்கிய இடம் அல்ல என்ற எண்ணம். அதைத் திருத்த, எந்தப் பறவை எந்தக் கணவாய்க்கு எந்தப் பக்கம் என்ற துல்லியம் வேண்டியிருந்தது. 2009-இல் கேரளத்துப் பறவையாளர்கள் சாலிம் அலியின் பழைய முகாம்களுக்கே திரும்பிச் சென்று ஒப்பிட முடிந்ததும் அவர் எழுதிவைத்த இடமும் உயரமும் நம்பத்தகுந்தவையாக இருந்ததால்தான்.

ஆறுகளுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. முல்லைப்பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. பிராமணக்கெண்டை விவரிக்கப்பட்டது 1941-இல். அணைக்கு முன் அந்த மீன் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க, அதற்கு 46 ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு எதுவும் கிடையாது. இன்று அது அணையால் உருவான ஏரிக்கு மேலே உள்ள ஓடைகளில் ஒதுங்கி, அழியும் நிலையில் உள்ளது. ஏரியிலோ திலாப்பியாவும் வெளிநாட்டுக் கெண்டையும் பெருகியுள்ளன. திருவனந்தபுரத்தின் சொந்த ஆறுகளும் இதேபோல் மாறின. கரமனையாற்றில் 1930-களில் அருவிக்கரை அணை, 1983-இல் பேப்பாறை. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாற்றில் 1950-களின் இறுதியில் நெய்யாறு அணை. பறவைகளுக்குச் சமஸ்தானம் முகாம் முகாமாக ஆய்வு நடத்தியது. ஆறுகளை மறிக்கும் முன் ஓடை ஓடையாக அப்படியொரு ஆய்வு நடத்தியிருந்தால் இன்று நம் கையில் இருக்கும் சான்று வேறாக இருந்திருக்கும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நிலத்தடி நீரில் மட்டும் இந்தக் குறை இப்போது ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. 1950-இல் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த கண்ணில்லாத சிறு கெளுத்திக்கு, ஏ.ஜி.கே. மேனன் ஹோராவின் பெயரால் ஹோராக்ளானிஸ் என்று பேரினப் பெயரிட்டார். கேரளத்தின் செம்பாறை அடுக்குகளுக்குள் வாழும் இந்த மீன்கள் தற்செயலாகவே குழாயிலோ கிணற்று வாளியிலோ தென்படும். தென் கேரளத்தில் வீட்டுக்காரர்களே கிணற்றையும் தொட்டியையும் கவனித்துத் தகவலும் மாதிரியும் தர, ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அவற்றைத் திரட்டினார்கள். உருவத்தில் ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாத அந்த மீன்கள் மரபணுவில் வெகுதூரம் விலகியிருந்தன. கேரளத்துக்கு வெளியே அந்தப் பேரினம் இல்லை. 2023-இல் விவரிக்கப்பட்ட புதிய இனத்துக்கு, உதவிய பொதுமக்களின் நினைவாக ஹோராக்ளானிஸ் பாபுலி என்று பெயர் வைத்தார்கள்.