டைனம் ஊரார்

நம் காலனிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து சேர்ந்தால், வண்டியிலிருந்து சாமான்கள் இறங்கி முடிவதற்குள் நாம் கேட்கும் முதற் கேள்வி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதாகும். வந்தவர் சொல்லும் ஊர் நாம் அறிந்ததாயின், "அங்கே யார் வீடு?" என்னும் இரண்டாம் கேள்வி உடனே பின்தொடரும். அந்த இரண்டாம் கேள்விக்கு விடையாக இருக்கவேண்டிய வீடுகளெல்லாம் கூரையிழந்து நிற்கும் ஓர் ஊரைப் பற்றி இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அது நம் நாட்டு ஊரன்று. ஆயினும் ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அதன் கதை அயலாரின் கதையாகத் தோன்றாது என்று கருதுகின்றோம்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், பர்பெக் என்று வழங்கும் குன்றுப் பகுதியில் உள்ளது டைனம் என்னும் சிற்றூர். இரு குன்றுத் தொடர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதன் கோடியில் வோர்பாரோ என்னும் சிறு விரிகுடா. 1086-ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னர் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏட்டிலேயே இவ்வூர் இடம் பெற்றிருக்கிறது. எனினும் போர்க்களமோ, கோட்டையோ, புலவர் பிறந்த மனையோ இவ்வூரில் இல்லை. கடற்கரையில் மீன்பிடிக்கும் சில குடும்பங்கள், உள்ளே உழவு வேலை செய்யும் குடும்பங்கள், புனித மரியாளின் பெயரால் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையத்தை ஒட்டி வரிசையாகச் சில குடில்கள், சற்று ஒதுங்கிய சோலையில் நிலக்கிழாரின் பெரிய மாளிகை; ஊர் இவ்வளவே.

இவ்வூரின் பிற்காலக் கதைக்கு வேராக இருக்கும் செய்தி ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 1683-ஆம் ஆண்டு முதல் டைனம் பண்ணை பாண்டு என்னும் குடும்பத்தாரின் உடைமையாக இருந்தது. ஊராரிற் பெரும்பாலோர் அவர்களுடைய நிலத்தில், அவர்களுடைய வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். பாட்டன் பிறந்த அறையிலேயே பேரனும் பிறந்திருப்பான். ஆயினும் அவ்வறையின் ஒரு செங்கல்லும் அவனுக்குச் சொந்தமாகாது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உரிமை வேறு, பத்திரத்தில் எழுதிய உரிமை வேறு என்பதை அமைதிக் காலத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை அன்றோ? டைனம் மக்களும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அண்டையில் உள்ள லுல்வொர்த் என்னுமிடத்தில், முதல் உலகப் போர்க் காலத்திலேயே, டாங்கிகளில் இருந்து பீரங்கி சுடும் பயிற்சிக்களம் ஒன்று ஏற்பட்டிருந்தது. இரண்டாம் போரில், பிரான்சின் கரையில் படையிறக்குவதற்கான ஆயத்தங்கள் நடந்தபோது, அக்களத்தின் பரப்புப் போதவில்லை. 1943 நவம்பர் 16-ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று ஊராருக்கு வந்தது. டிசம்பர் 19-ஆம் நாளுக்குள் அனைவரும் வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய ஒரு மாதத் தவணை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சுமார் 225 பேர், டைனத்திலிருந்தும் சுற்றிலும் இருந்த பண்ணைகளிலிருந்தும் தட்டுமுட்டுச் சாமான்களுடன் புறப்பட்டனர். 102 மனைகளும் 7,500 ஏக்கர் நிலமும் படையின் கைக்குச் சென்றன. மாளிகையில் இருந்தவர்க்கும் குடிலில் இருந்தவர்க்கும் உத்தரவு ஒன்றே.

புறப்படுமுன் தேவாலயத்தின் கதவில் ஒரு தாளை ஒட்டிச் சென்றார்கள். வரப்போகும் படைவீரர்களை விளித்து எழுதிய வேண்டுகோள் அது. கோவிலையும் வீடுகளையும் பேணிக் காக்குமாறும், போரில் வெற்றிபெற உதவும்பொருட்டே தாங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இல்லங்களை விட்டுச் செல்வதாகவும், ஒரு நாள் திரும்பி வந்து நன்றி கூறுவதாகவும் அதில் கண்டிருந்தது. அதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. விருந்தினரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் செல்பவர் பேசும் முறையிலேயே அது அமைந்திருக்கிறது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று அவர்கள் முழுமையாக நம்பினார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் படை இறங்கியது. 1945-ல் போர் முடிந்தது. டைனம் மக்கள் காத்திருந்தனர். 1948-ல் அரசாங்கம் அந்நிலத்தைக் கட்டாயக் கிரயமாக எடுத்துக்கொண்டது. கிரயத் தொகை உடைமையாளர்க்கு உரியது. வாடகைக் குடிகளுக்கோ, அவர்கள் விட்டுவந்த தோட்டத்தில் விளைந்திருந்த காய்கறிகளின் விலைதான் ஈடாகக் கிடைத்தது என்று இவ்வூரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முந்நூறு ஆண்டு வாழ்க்கைக்கு முட்டைக்கோசின் விலை! முன்னர்க் கூறிய பத்திர உரிமையின் பொருள் இப்போதுதான் ஊராருக்கு விளங்கியது. திரும்பி வருவோம் என்ற அவர்களுடைய நம்பிக்கையைத் தாங்குவதற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

இக்கதி டைனத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. வில்ட்ஷையர் மாவட்டத்தில், சாலிஸ்பரிச் சமவெளியின் நடுவே இருந்த இம்பர் என்னும் ஊரும் அதே 1943-ன் இறுதியில் காலியாயிற்று. நவம்பர் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் ஊராரைக் கூட்டி, 47 நாள் தவணை என்று அறிவித்தார்கள். அவ்வூரின் கொல்லர் ஆல்பர்ட் நாஷ், தம் பட்டறைக் கல்லின்மீது சாய்ந்து அழுதுகொண்டிருந்ததைக் கண்டதாகச் சொல்வர். வெளியேறிய சில வாரங்களிலேயே அவர் இறந்தார். உடலை இம்பருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். உயிரோடு திரும்ப முடியாத ஊருக்கு இவ்வாறேனும் அவர் திரும்பினார். 1961 ஜனவரியில், ஊர் திறக்கப்பட வேண்டும் என்று கோரி ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் தடையை மீறி இம்பருக்குள் சென்றனர். ஊர் திறக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அங்குள்ள தேவாலயத்தில் வழிபாடு நடத்த இசைவு உண்டு.

டைனத்துக்காகவும் ஓர் இயக்கம் 1968-ல் தொடங்கிற்று. படைத்துறையின் நிலங்களை ஆராய்ந்த நியூஜென்ட் குழு, 1973-ல் லுல்வொர்த் களத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்றே பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் அதனை ஏற்க மறுத்தது. மறுப்புக்கு ஈடாகக் கிடைத்தது ஒன்று: பயிற்சி இல்லாத வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் பொதுமக்கள் உட்சென்று பார்க்கலாம்.

இவ்விடத்தில் ஒரு கருத்தைத் தயங்காமல் சொல்ல விரும்புகின்றோம். டைனத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், 1943-க்கு முன் அங்கே பாலும் தேனும் ஓடியதுபோலப் பேசுவர். உண்மை அவ்வாறில்லை. வீடுகளில் மின்விளக்கு இல்லை. தண்ணீரைப் பொதுக் குழாயிலிருந்தே சுமந்து வரவேண்டும். கடலோரக் காவல் நிலையம் மூடப்பட்டதும் அதைச் சார்ந்த குடும்பங்கள் அகன்றன. பிள்ளைகள் குறைந்துபோனமையால் பள்ளிக்கூடமே 1932-ல் மூடப்பட்டது. இருந்த சிலரும் கார்ஃப் காசில் என்னும் ஊருக்குப் போய்ப் படித்தனர். படை வருவதற்குப் பதினோராண்டு முன்னரே ஊர் மெலியத் தொடங்கிவிட்டது. பிழைப்பைத் தேடி இளைஞர் வெளியேறுவதை எந்தத் தளபதியின் கடிதமும் தூண்ட வேண்டியதில்லை என்பதை நாமே நன்கறிவோம். ஆயினும் தானே மெல்ல ஒழியும் ஊருக்கும் ஒரு மாதத்தில் ஒழிக்கப்பட்ட ஊருக்கும் வேற்றுமை உண்டு. முன்னதில், எஞ்சியிருக்கும் கிழவர் ஒருவராவது வாசலில் உட்கார்ந்து, வருவோர்க்கு "இது யார் வீடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டைனத்தில் அந்தக் கிழவரையும் அனுப்பிவிட்டார்கள்.

பின்னர் அந்த ஊராரை நினைவில் நிறுத்தியவர் யார்? முதலில் பேசியது மாளிகைதான். பாண்டு குடும்பத்தைச் சேர்ந்த லிலியன் பாண்டு என்னும் அம்மையார் தம் இளமை நினைவுகளை 1956-ல் நூலாக வெளியிட்டார். அன்பு ததும்பும் நூல் எனினும், சன்னலிலிருந்து பார்த்த ஊர் அது. மாளிகையும் சோலையும் அதில் பெரிதாக நிற்கும். அம்மாளிகை 1960-களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது விதியின் விளையாட்டு என்றே சொல்லலாம்.

குடிலில் வாழ்ந்தோர் நினைவு பின்னரே வந்தது. ஆனால் அது ஊன்றி நின்றது. இன்று டைனத்துக்குச் செல்வோர் காண்பது யாது? கூரையற்ற கற்சுவர்களின் நடுவே பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. இவ்வீட்டில் வாழ்ந்த குடும்பம் இன்னது, அவர்கள் செய்த தொழில் இன்னது என்று ஒவ்வொன்றும் பழைய புகைப்படங்களோடு கூறுகிறது. வோர்பாரோ கரையில் வலை வீசிய மில்லர் குடும்பத்தாரின் பெயர், நிலக்கிழாரின் பெயரைப் போலவே இன்று வருவோர் வாயில் வழங்குகிறது. அஞ்சல் நிலையத்தின் முன் 1929-ல் வைத்த தொலைபேசிக் கூண்டு 1985-ல் ஒரு திரைப்படப் பிடிப்பின்போது சிதைந்து போயிற்று. அதே வகைக் கூண்டு ஒன்றைத் தேடிக் கொணர்ந்து அவ்விடத்தில் நிறுத்தியிருக்கின்றனர். பேசுவதற்கு அக்கரையில் ஒருவரும் இல்லாத தொலைபேசி!

தேவாலயமும் பள்ளிக்கூடமும் கூரையோடு நிற்கின்றன. பள்ளிக்கூடத்தைப் பழையபடியே சீராக்கி வைத்திருக்கின்றனர். பிள்ளைகள் மேற்சட்டையை மாட்டும் முளைகளின்மேல் அவரவர் பெயர் இருக்கிறது. மேசைகளின்மேல் இயற்கைப் பாடத்துக்காக அவர்கள் எழுதிய ஏடுகள் இருக்கின்றன. பறவையையும் பூவையும் பார்த்து அவர்கள் குறித்து வைத்தார்கள். உழவும் பூச்சிமருந்தும் இல்லாமையால் அவர்கள் குறித்த செல்வம் அப்பள்ளத்தாக்கில் இன்றும் செழித்திருக்கிறது. படை ஊரை அழித்தது. அதே படையின் வேலி, கடற்கரை விடுதிகளும் கோடைக்கால மாளிகைகளும் அங்கே முளையாமல் காத்தும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்துப் பார்ப்பது எளிதன்று. நமக்கும் அது எளிதாக இல்லை.

1943-ல் வெளியேறியவர்களுக்கு வாரெம் நகரின் பக்கத்தில் புதிய வீடுகள் கிடைத்தன. அங்கே விளக்கும் குழாயும் உள்ளேயே இருந்தன. அவற்றை விரும்பி ஏற்றவரும் உண்டு. ஆயினும் அவர்களுள் ஒரு மூதாட்டி 1990-களின் இறுதியில் காலமானபோது, அவரது அஸ்தியை டைனம் கோவில் தோட்டத்திற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சனியும் ஞாயிறும் கழிந்ததும் வருவோர் வாகனங்கள் மலையேறித் திரும்பிவிடும். சாலையின் வாயிற்கதவை மூடிச் சிவப்புக் கொடியை ஏற்றுவார்கள். திங்கட்கிழமை காலையில் பீரங்கிகள் மீண்டும் முழங்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்து முளைகளின்மேல் பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே இருக்கும்.