கோப்பை கழுவும் மெசின் சூடாகவில்லையா? எறிவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஜேர்மனிக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் வேலை, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. எங்களில் பலருக்கு அதுதான் முதல் வேலை. அதனால் வீட்டில் கோப்பை கழுவ ஒரு மெசின் வைத்திருப்பது ஆடம்பரம் என்றே நீண்ட காலம் நினைத்திருந்தேன். திருமணத்துக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது. மனைவியின் வலது கையில் 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் மூன்று விரல்கள் மடங்காது. ஈரக் கோப்பை கையில் நிற்காது. அவருக்காகத்தான் எட்டு வருடங்களுக்கு முன் மெசின் வாங்கினோம்.

சென்ற மாரியில் அது பழுதானது. தண்ணீர் எடுத்தது, சுழற்றி அடித்தது, வெளியே விட்டது. ஆனால் கோப்பைகள் குளிர்ந்துபோய், எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தன. சவர்க்கார வில்லை பாதி கரையாமல் கிடந்தது. திருத்துபவரிடம் தொலைபேசியில் கேட்டேன். வந்து பார்க்க மட்டும் 90 யூரோ என்றார். பழைய மெசின், புதிது வாங்குங்கள் என்றும் சொன்னார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஒரு பொருளில் எது பழுது என்று தெரியாமல் அதை எறிந்த பழக்கம் எங்களுக்கு இல்லை. எனவே முதலில் அளந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன்.

பம்பி செய்யும் வேலை

பழைய மெசின்களில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி தொட்டியின் அடியில் தனியாக இருக்கும். இப்போதைய பல மெசின்களில் சுழற்றும் மோட்டரும் சூடாக்கியும் சேர்ந்து ஒரே பம்பியாக வருகின்றன. சூடாக்கி எரிந்தாலும் மோட்டர் ஓடும். அதனால்தான் மெசின் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தும் தண்ணீர் குளிராகவே இருக்கும்.

திறக்காமலே அறியலாம்

சுவர் பிளக்குக்கும் மெசினுக்கும் நடுவில் செருகும் மின் அளவுமானி கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அது மெசின் எடுக்கும் மின்னுக்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். அதைச் செருகி, மிகச் சூடான கழுவலைத் தொடங்குங்கள். சூடாக்கி வேலை செய்தால் சிறிது நேரத்தில் அளவு 2000 வாற்று அளவுக்கு ஏறும். அரை மணி நேரமாகியும் நூறு வாற்றைத் தாண்டாவிட்டால் மோட்டர் மட்டுமே ஓடுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

திறந்து அளத்தல்

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள். மின்சாரம் இருக்கும்போது உள்ளே எதையும் அளக்க வேண்டாம். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உப்பு மூடியை இறுக்கி, கதவை ஒட்டுநாடாவால் கட்டி, பழைய துவாய் விரித்து மெசினை முதுகுப்புறமாகச் சரியுங்கள். தகட்டின் ஓரங்கள் கத்திபோல வெட்டும், கையுறை அவசியம்.

அடித்தட்டைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். தண்ணீர் ஒழுகினால் மெசினை நிறுத்தும் மிதவை சுவிச்சின் வயர் பல மெசின்களில் அந்தத் தட்டோடுதான் வரும். இழுத்தால் அறும். எதையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்பிக்கு வரும் வயர்களில் தடித்த இரண்டும் சூடாக்கிக்கு உரியவை. அவற்றைக் கழற்றி, பம்பியின் அந்த இரு முனைகளிலும் மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 230 வோல்ற்றில் 2000 வாற்று எடுக்கும் சூடாக்கி ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும். 2400 வாற்று என்றால் 22 ஓம். இந்த அளவுகளுக்கு அருகில் காட்டினால் சூடாக்கி அறவில்லை. மீற்றர் அசையாமல் முடிவிலியைக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எனது மீற்றர் அசையவில்லை.

சூடாக்கி நல்லதாக இருந்தால் பழுது வேறிடத்தில். வயர் முனை கருகியிருக்கிறதா, வெப்பத்தை அறியும் உணரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அந்த உணரியின் ஓம் அளவு சூடாகச் சூடாக மாறவேண்டும். இரண்டும் சரியென்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ரிலே கெட்டிருக்கலாம்.

மாற்றுதல்

கதவின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தை முழுமையாகக் கொடுத்துப் பம்பி வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் மெசின்களிலும் பம்பிகள் வேறுபடும். எனக்கு 120 யூரோ முடிந்தது. பழையதன் றப்பர்க் குழாய்களைக் கழற்றி, புதியதைப் பூட்டி, வயர்களைப் படத்தைப் பார்த்துச் செருகினேன். அடித்தட்டைத் திரும்பப் பூட்டினேன். மெசினை நிமிர்த்தி, மின்சாரம் கொடுக்குமுன் தொட்டியில் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று கால் மணி நேரம் பார்த்தேன். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

மீண்டும் பழுதாகாமல்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை நாம் எல்லோரும் சுரண்டியிருக்கிறோம். லண்டனிலும் பாரிசிலும் வரும் தண்ணீரும் அப்படிக் கடினமானதுதான். அதே படிவு சூடாக்கியில் ஏறினால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி அதை எரித்துவிடும். அதற்குத்தான் மெசினில் உப்புப் போடுகிறோம். இதற்கென விற்கும் உப்பையே போடுங்கள், சமையல் உப்பு வேண்டாம். உங்கள் ஊர்த் தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப மெசினின் அளவையும் மாற்றுங்கள். நான் எட்டு வருடம் அதைத் தொட்டதே இல்லை.

எப்போது தொடக்கூடாது

மெசின் ஓடும்போது வீட்டின் ட்ரிப் சுவிச் விழுந்தால் மின் கசிவு இருக்கிறது. சாதாரண மீற்றரில் அது தெரியாமலும் போகலாம், தெரிந்தவரை அழையுங்கள். மெசின் வீட்டுக்காரருடையது என்றால் அவருக்கே அறிவியுங்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் திறக்கவே வேண்டாம். பாதுகாப்பு சுவிச் எதையும் வயரால் இணைத்து ஏமாற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. அதன்பின் சந்தைக்கு வந்த மெசின்களுக்கு, அந்த மாதிரியின் கடைசி மெசின் விற்பனைக்கு வந்து குறைந்தது 7 ஆண்டுகள்வரை பம்பி, சூடாக்கி போன்ற பாகங்கள் தொழில்முறைத் திருத்துநர்களுக்குக் கிடைக்க வேண்டும். பாகமே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

எனது மெசின் ஓடத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு, நண்பர் ஒருவர் தனது மெசினுக்கும் பம்பி வாங்கப் போனார். வாங்குமுன் அளந்து பார் என்று மீற்றரைக் கொடுத்துவிட்டேன். அவரது சூடாக்கி 24 ஓம் காட்டியது. பழுது ஒரு கருகிய வயர் முனையில். அவருக்குச் செலவு இரண்டு யூரோகூட வரவில்லை.