கேட்கும் உள்ளம்

தாம் படைத்த ஒன்றைக் கண்டு தாமே கலங்கி நின்றவர்கள் வரலாற்றில் சிலர் உண்டு. கணிப்பொறி இயலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோசப் வைசன்பாம் அத்தகையவர். மனிதரைப்போல் உரையாடும் செயற்கை நுண்ணறிவு இன்று நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. இவ்வேளையில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வியப்பை எழுப்பி, பின்னர் அதைக் குறித்து எச்சரித்த அம்மனிதரின் வாழ்வை நினைவுகூர்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

வைசன்பாம் 1923ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1933இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபின் யூதர்களின் வாழ்வு இருளடைந்தது. 1936இல் அக்குடும்பம் அமெரிக்காவில் அடைக்கலம் தேடியது. அப்போது சிறுவனுக்கு வயது 13. டெட்ராய்ட் நகரின் வெய்ன் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதம் பயின்றார். இடையே போர்க்காலத்தில் அமெரிக்க வான்படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றினார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி ஒன்றை உருவாக்கும் முயற்சியில் பங்கேற்றார். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்து, ஒரு பெரும் வங்கியின் காசோலைகளைத் தானே படித்துக் கணக்கெழுதும் 'எர்மா' என்னும் கணிப்பொறி அமைப்பை வடிவமைத்த குழுவில் இடம்பெற்றார். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை வரவேற்றது.

அங்கேதான் 'எலிசா' பிறந்தது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் உயர்குடியினரைப்போல் பேசப் பழக்கப்படும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. 1966இல் வைசன்பாம் உலகிற்கு அறிவித்த இந்நிரல், மனநல மருத்துவர் ஒருவரைப்போல் உரையாடியது. அதன் நுட்பம் எளியது. நாம் தட்டச்சிடும் வாக்கியத்தில் ஒரு முக்கியச் சொல்லைத் தேடும். 'என்' என்பதை 'உங்கள்' என மாற்றும். நம் கூற்றையே வினாவாக்கித் திருப்பித் தரும். ஒருவர் தம் தாயைக் குறிப்பிட்டால், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு கேட்கும். தாய் என்றால் யார் என்பது அதற்குத் தெரியாது.

ஆயினும் நடந்தது வேறு. அந்நிரல் உருவாவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளரான பெண்மணி. அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்தவர். அவரே எலிசாவுடன் உரையாடத் தொடங்கிய சற்று நேரத்தில், தம்மைத் தனியே விட்டு அறையிலிருந்து வெளியேறுமாறு வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். இயந்திரத்திடம் சொல்ல அவருக்கு ஒரு மறைபொருள் இருந்தது! வைசன்பாம் திகைத்துப் போனார்.

அதே காலத்தில் கென்னத் கோல்பி என்னும் மனநல மருத்துவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், இத்தகைய கணிப்பொறி அமைப்பால் மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க இயலும் என்று எழுதினர். இது வைசன்பாமை மேலும் உலுக்கியது. துன்புறும் மனிதருக்குச் செவிமடுப்பதை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என அவர் சிந்திக்கலானார். அச்சிந்தனையின் கனி, 1976இல் வெளிவந்த 'கணிப்பொறி ஆற்றலும் மனித அறிவும்' என்னும் பொருள்படும் அவரது நூல். இயந்திரத்தால் எது இயலும் என்பதைவிட, எதை அதனிடம் ஒப்படைக்கலாகாது என்பதே அவர் எழுப்பிய வினா. கணக்கிடுதல் வேறு, நன்மை தீமையை எடைபோட்டுத் தேர்ந்துகொள்ளுதல் வேறு. பின்னது வாழ்ந்து, அன்புகூர்ந்து, துன்புற்ற மனிதருக்கே உரியது என்றார். மனிதரை மனிதராக மதிக்காத ஓர் ஆட்சியிடமிருந்து தப்பி வந்தவர் இதைச் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

1996இல் அவர் மீண்டும் பெர்லினில் குடியேறினார். 2008 மார்ச் 5ஆம் நாள் மறைந்தார். 2024 சூன் மாதத்தில் இத்தாலியில் கூடிய ஜி7 நாடுகளின் தலைவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பிரான்சிசும் இதே வேறுபாட்டை வலியுறுத்தினார். இயந்திரம் பல வாய்ப்புகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். உள்ளத்தில் முடிவெடுப்பவர் மனிதரே என்றார். இருவரும் கையாண்ட சொற்கள் வேறு, பொருள் ஒன்றே.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பெண்மணியை எண்ணி நகைப்பது எளிது. அவர் ஏன் இயந்திரத்திடம் மனம் திறந்தார்? அது இடைமறிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தன் கதையைத் தொடங்கவில்லை. ஒப்புரவுத் தொட்டியில் அமரும் நாம், வெளியே நீளும் வரிசையை எண்ணி, முன்னே முழந்தாளிட்டிருப்பவரை அவசரப்படுத்தியதில்லையா? பிள்ளை பேச வரும்போது தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காத பெற்றோர் நம் பங்கில் இல்லையா? முதிய தாயின் பழங்கதையைப் பாதியில் நிறுத்தாத வீடு எத்தனை? இயந்திரம் இன்று நம் இடத்தில் அமர்கிறதென்றால், அவ்விடத்தை முதலில் வெறுமையாக்கியவர்கள் நாமே.

சாலமோன் அரசர் செல்வத்தையோ நீடிய ஆயுளையோ கேட்கவில்லை. அவர் ஆண்டவரிடம் வேண்டியதை எபிரேய மூலத்தில் அப்படியே பெயர்த்தால் 'கேட்கும் உள்ளம்' என்றாகும். இன்று மாலை நம் வீட்டில் யாராவது பேசத் தொடங்கும்போது, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் அந்த உள்ளத்தை நாமும் ஆண்டவரிடம் மன்றாடுவோம்.