திறமூல மென்பொருளில் மைய உருவாக்குநர் யார்?

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள் ‘சகானா’. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. இத்தகைய மென்பொருளின் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அதை ஏற்பதா என்று தீர்மானித்து மூலநிரலில் நேரடியாகக் கைவைக்கும் உரிமை சிலருக்கே உண்டு. அவர்களே மைய உருவாக்குநர்கள்.

பட்டம் இருந்தால் மட்டும் அந்த உரிமை கிடைத்துவிடாது. மாதக்கணக்கில் நல்ல திருத்தங்கள் அனுப்பி, பிறர் அனுப்பியதையும் பொறுமையாகச் சோதிப்பவரை ஏற்கெனவே உள்ளவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அப்பாச்சி திட்டங்களில் இதற்கு வாக்கெடுப்பே நடக்கும்.

நல்லதண்ணித் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை திருத்தம் அனுப்பினாலும் குடியுரிமைப் பத்திரம் கேட்கமாட்டார்கள். தேவைப்படுவது ஆங்கிலமும், பெரும்பாலும் சம்பளமின்றி உழைக்க நேரமும். லயத்தில் அவை இரண்டுமே அரிது.