பிதுக்குப் பருப்பு பிறந்த கொல்லை

ரவா இட்லி பிறந்த கதையைச் சொல்வது எளிது. இரண்டாம் உலகப் போர், அரிசித் தட்டுப்பாடு, லால்பாக் பக்கத்து மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று காலம், காரணம், கடை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பெங்களூரின் குளிர்காலக் குழம்பான ஹிதுக்கித பேளே சாருக்கு அப்படி ஒரு கடையும் இல்லை, சமையற்காரரும் இல்லை. வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் இதையே பிதுக்குப் பருப்புக் குழம்பு என்பார்கள். இது பிறந்த இடம் கேழ்வரகுக் கொல்லை.

இந்தக் குழம்பின் பருப்பு மொச்சை. அதன் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கேழ்வரகும் அங்கிருந்து வந்ததுதான். பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களில் மொச்சையின் கருகிய விதைகள் கிடைத்திருக்கின்றன. சுமார் 3,500 ஆண்டுப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டும் இங்கே ஒரே மானாவாரிக் கொல்லையில் சேர்ந்துகொண்டன. கேழ்வரகு சில சால், நடுவே மொச்சை ஒரு சால். பெங்களூரைச் சுற்றியுள்ள விவசாயிகள் இந்த ஊடுபயிரை அக்கடி என்கிறார்கள்.

நாட்டு மொச்சைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். அதற்குள் கேழ்வரகு அறுவடைக்கு வந்துவிடும். கதிர் போன பிறகு கொல்லை முழுவதும் மொச்சைக்கு. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் கொடி காய்த்துத் தள்ளும். மாகடி, கோலார், சிந்தாமணி, ஓசூர் என்று எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் காய் இறங்கும். ஆண்டு முழுக்கக் கிடைக்காத பொருள், இரண்டு மாதம் மட்டும் மலையாகக் குவிகிறது. என்ன செய்வது? உப்புமாவில் போட்டார்கள், சதகுப்பைக் கீரையோடு அரிசி ரொட்டியில் பிசைந்தார்கள், கறியோடு வேகவைத்தார்கள். அப்புறமும் தீரவில்லை. காயும் முற்றத் தொடங்கியது.

முற்றினால் கொட்டையின் தோல் தடித்துவிடும். குழம்பில் போட்டால் பருப்பு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். அந்தத் தோலை என்ன செய்வது என்பதற்கான பதில்தான் பிதுக்கல். உரித்த கொட்டையை இரவு ஊறப்போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே விழும். ஒரு படி பிதுக்க ஓர் ஆளால் ஆகாது. பாட்டி முதல் பேரன் வரை தட்டைச் சுற்றி உட்கார வேண்டும். சும்மா இருக்கும் கைகள் நிறைய இருந்த கூட்டுக் குடும்பத்தில்தான் இப்படியொரு சமையல் தோன்றியிருக்க முடியும் என்பது என் கட்சி.

தோல் போன பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் கூழாகும். வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, தேங்காய், கசகசா, பட்டை, கிராம்பு அரைத்துக் கொதிக்கவிட்டு, பருப்பைப் பிறகு சேர்க்க வேண்டும். பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், பாதி முழுதாக நிற்கும். பெங்களூர் ஜனவரி இரவின் 15 டிகிரிக் குளிருக்கு, சூடான கேழ்வரகுக் களியை இதில் தோய்த்து விழுங்குவதற்கு ஈடு கிடையாது. மறுநாள் தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

வீட்டில் பிதுக்க ஆள் குறைந்தபோது தெரு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பெங்களூரின் காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் நடைபாதையில் உட்கார்ந்து பிதுக்கிய பருப்பாகவே விற்கிறார்கள். விஸ்வேஸ்வரபுரம் சஜ்ஜன் ராவ் சர்க்கிளில் வாசவி காண்டிமெண்ட்ஸ் கடை 2000 வாக்கில் அவரை மேளாவைத் தொடங்கியது (கன்னடத்தில் மொச்சைதான் அவரை). கூட்டம் தாங்காமல் 2023 ஜனவரியில் அது நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாறியது. அங்கே மொச்சை ஜிலேபி, மொச்சை ஜாமூன்கூட உண்டு. வேடிக்கைக்குச் சரி, ஜிலேபியில் மொச்சையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ஹெப்பாள் அவரை ரகங்களைக் கொண்டுவந்தது. குட்டைச் செடி, சீக்கிரம் காய்க்கும், எந்தப் பருவத்திலும் விளையும். விவசாயிக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டுக் காயின் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மணமும், அதாவது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் சொகடு, அவற்றில் அந்த அளவுக்கு வருவதில்லை. சொகடு இல்லாத காயில் வைத்த குழம்பு வெறும் மசாலாக் குழம்புதான்.

ஆகவே ஜூலையில் மொச்சை கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிவதற்குள் தோலோடு வாங்குங்கள். ஒரு காயை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கையில் மணம் ஒட்டவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.